காலைப் பிடித்தவன்

ஆரோக்கியநாதன் கண் விழித்தபோது, மச்சினன் டெரன்ஸ் அவருடைய இடது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலு வருஷமாக அவர் வீட்டுப் படி ஏறாதவன் இவன். தலை குனிந்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது, உதடு எதையோ முணுமுணுக்கிறது.

கனவாகத்தான் இருக்கும் என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

விஷயம் இதுதான். மகள் டீனாவின் நிச்சயதார்த்தத்தில், சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் வாயிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தான் டெரன்ஸ். நடக்க முடியாமல் நிற்கிறவருக்கு இது வேறு கேடா என்று சத்தமாகக் கேட்கவும் கேட்டான்.

ஆரோக்கியநாதன் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எத்தனையோ பையன்களிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியவர். விடுவாரா?

"என் காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டாத்தான் இனி அவன் இந்த வீட்டுக்குள்ள வரலாம்" என்று மனைவி ஐவியிடம் சொல்லிவிட்டார். கூடப்பிறந்த தம்பிக்கும் கட்டினவருக்கும் நடுவில் ஐவி அழுது பார்த்தாள். இரண்டு பேருமே இறங்கி வரவில்லை.

அப்புறம் கால் இன்னும் மக்கர் பண்ணியது. லஸ் முனையிலிருந்து குளத்தங்கரை போவதற்குள் நாலு இடத்தில் நின்றார். போன மாசம் கட்டைவிரல் கறுத்தது. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, பைபாஸ் பண்ண வேண்டும் என்றார் டாக்டர். பைபாஸ் நெஞ்சுக்குத்தானே என்று டாக்டருக்கே பாடம் எடுத்தார் இவர்.

டாக்டர் பொறுமைசாலி. தொடையிலிருந்து ஒரு குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி வைத்துத் தைப்போம் என்றார். அதில் ரத்தம் ஓடினால் கால் தப்பும், ஓடாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஆரோக்கியநாதன் மறுபடி கண்ணைத் திறந்தார். முதலில் கால் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. முதுகில் போட்ட மருந்தில் இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துக் கிடந்தது. டெரன்ஸ் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.

இன்றைக்கு வியாழன்தானே என்று ஐவியிடம் கேட்டார். வெள்ளி என்றாள். புதன்கிழமை ஆபரேஷன் என்றால் நடுவில் ஒரு நாள் எங்கே போனது? ஐவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரி, மயக்க மருந்தின் கோளாறு என்று விட்டுவிட்டார்.

டெரன்ஸ் எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் வந்து மறுபடி காலைப் பிடித்தான். போனான், வந்தான், பிடித்தான். ஆரோக்கியநாதனுக்கு மனசு இளகிவிட்டது. பாவம், ரொம்பத்தான் நொந்துபோயிருக்கிறான். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"போதும்டா டெரன்ஸ். நான் மன்னிச்சிட்டேன்."

டெரன்ஸ் கண்ணைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

"அதான் மன்னிச்சிட்டேன்னு சொல்றேன்ல. எந்திரிடா."

அதற்கும் ஒரு தலையாட்டல்தான். சற்று நேரம் கழித்து எழுந்து போனான். இது என்ன வகை மன்னிப்பு என்று ஹெட்மாஸ்டருக்குப் புரியவில்லை. அழ வேண்டாம், ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா? அதோடு நிறுத்தினானா என்றால் அதுவும் இல்லை. மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று தடவை வந்து பிடித்துவிட்டான்.

அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் நர்ஸ் இசக்கியம்மாள் வந்தாள். அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சிஸ்டர், நான் மன்னிச்சாச்சுன்னு அவன்கிட்ட நீங்களாவது சொல்லுங்க. சும்மா சும்மா காலைப் பிடிக்கிறான்."

"எதுக்கு சார் மன்னிக்கிறீங்க?" என்றபடி அவள் போர்வையை விலக்கினாள். பாதத்தின் மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

"இங்கதான் துடிப்பு தெரியும். நாங்க மணிக்கொரு தரம் பாப்போம். நடுவுல தொட்டுப் பாத்துக்கிடுங்கன்னு உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தேன். அவங்களுக்குக் கை நடுங்கிட்டு. அதுக்குப் பெறவு இவருதான் பாக்காரு."

அவர் தலையைத் தூக்கிக் குறியைப் பார்த்தார்.

"நேத்து நாங்க பாத்துட்டுப் போயி பத்து நிமிசத்துல துடிப்பு நின்னுட்டு. இவருதான் கண்டுபிடிச்சு ஓடியாந்தாரு. மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோயி ரத்தக் கட்டியை எடுத்தாங்க. அடுத்த தடவை நாங்க வார வரைக்கும் விட்டிருந்தா இந்தக் காலு இருந்திருக்காது சார்."

காணாமல் போன வியாழக்கிழமை எங்கே என்று இப்போது தெரிந்தது. மன்னிச்சிட்டேன், மன்னிச்சிட்டேன் என்று தான் சொன்னதை நினைத்து ஆரோக்கியநாதனுக்கு உடம்பே கூசியது.

டெரன்ஸ் வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பாதத்தில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். உதடு முணுமுணுக்க ஆரம்பித்தது.

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் சொல்ல வைத்த வார்த்தை, சொந்த வாயில் வருவதற்கு அத்தனை கஷ்டப்பட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டெரன்ஸ், என்னை மன்னிச்சிடுடா."

"கொஞ்சம் பேசாம இருங்க அத்தான். காலையிலயும் இப்படித்தான் என்னமோ சொல்லி எண்ணிக்கையைக் கெடுத்தீங்க."