கடலம்மன் சொன்ன ரூட்

“கடலம்மா மறுபடியும் சிரிக்கிறா” என்றார் ஆ-துவான்.

குறி கேட்டுப் போட்ட பிறைக்கட்டைகள் இரண்டும் தரையில் தட்டைப் பக்கத்தை மேலே காட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்று தட்டையும் ஒன்று வளைவுமாக விழுந்தால்தான் அம்மன் சம்மதித்ததாக அர்த்தம். இரண்டும் தட்டையாக விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள்.

சன்னிதிக்கு எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த யென்-ஷுன் அழாத குறையாக அம்மனைப் பார்த்தான். மூன்று தடவை கேட்டாயிற்று, மூன்று தடவையும் சிரிப்புதான்.

டைனான் ஊரில் இருக்கும் இந்தக் கோயிலில் குழாய்க்கு வாஷர் மாற்றுவதென்றாலும் கட்டை போட்டுக் கேட்டாக வேண்டும். செயலாளர் ஆ-துவான் போட்ட சட்டம் அது. அந்த அம்மாளின் மகள் பெய்-லிங்கைத்தான் யென்-ஷுன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். “இன்னைக்குப் புது மண்டபத் திரையில, விளக்கு ஏத்தினவங்க பேரெல்லாம் ஓடட்டும். அப்புறம் உன்னை மாப்பிள்ளைன்னு கூப்பிடுறேன்” என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரைக்கும் அவன் வெறும் ‘இந்தாப்பா’தான்.

“அம்மாகிட்ட என்னன்னு கேட்டீங்க, அத்தை?”

“அத்தை கித்தை எல்லாம் அப்புறம். நீ சொன்னதைத்தான் கேட்டேன். ‘நம்ம மண்டபத்துக்கு இதுதான் வழியா’ன்னு.”

“அதுதாங்க வழி. பேரெல்லாம் சேத்து வச்சிருக்கிற பெட்டிக்குப் புது மண்டபம் எங்க இருக்குன்னு தெரியாது. ‘அந்தத் திரைக்குப் போகணும்னா இந்த வாசல் வழியாப் போ’ன்னு ஒரு தடவ எழுதி வச்சுட்டாப் போதும், எந்நாளும் அதே வழிதான். ஸ்டாட்டிக் ரூட்டுன்னு பேரு. இதுல சிரிக்க என்னங்க இருக்கு?”

“அதை அம்மாகிட்டயே கேளு.”

“பெட்டி உசிரோடதான் இருக்கு, பாருங்க” என்று யென்-ஷுன் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினான். அதை அழுத்தினால் பின்கட்டு அலமாரியில் இருக்கும் பெட்டி கீச்சென்று கத்த வேண்டும். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். எதிர்க் கோயிலில் போட்ட மேளத்திலும் பட்டாசிலும் ஒரு மண்ணும் கேட்கவில்லை.

“அந்தச் செம்முகச் சாமி கோயில்காரங்களுக்கு வேற வேலையே இல்ல” என்று ஆ-துவான் பல்லைக் கடித்தார். எதிர்வாசலில் மாடி உயரத்துக்கு நின்ற ஒளிப்பலகையில் அவர்களுடைய பக்தர்களின் பேர்கள் ஜொலித்துக்கொண்டு ஓடின. அந்தப் பலகை வந்த நாளிலிருந்து ஆ-துவானுக்குச் சரியான தூக்கம் கிடையாது. “அதையும் மாட்டிக் குடுத்தவன் நீதானே? ரெண்டு வீட்லயும் கை நனைக்கிற ஆளு!”

“பொழப்பாச்சே, அத்தை. ஆனா சத்தியமாச் சொல்றேன், அவங்களுக்குன்னு ஒசத்தியா ஒண்ணும் செய்யல. அதே மாதிரிப் பெட்டி, திரைக்கு அதே நம்பர், அதே பாஸ்வேர்டு. இம்மி வித்தியாசம் கிடையாது.”

வாசலில் ஆமை வடிவச் சிவப்புப் பணியாரத் தட்டுகளோடு பக்தர்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். புது மண்டபத் திரை இன்னும் கறுப்பாகவே இருந்தது. இன்றைக்கு மானம் போனால் கூடவே பெய்-லிங்கும் போய்விடுவாள்.

“அத்தை, கேள்வியை மாத்திக் கேளுங்க. வழி சரியா தப்பான்னு கேக்காதீங்க. ‘இந்தப் பையன் இதைச் செய்யட்டுமா’ன்னு மட்டும் கேளுங்க.”

ஆ-துவான் கண்ணை மூடி, உதடு அசையக் கேட்டு, கட்டைகளைப் போட்டார். ஒன்று தட்டை, ஒன்று வளைவு. மறுபடி போட்டார், அதேதான். மூன்றாம் தடவையும் சம்மதம்.

“அடேயப்பா, அம்மாவுக்கு ஏகக் குஷி போலிருக்கே! பண்ணு, பண்ணு!”

யென்-ஷுன் அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் ‘சேமி’யை அழுத்தினான். வழி சேர்க்கப்பட்டது என்று பெட்டி பணிவாகப் பதில் சொன்னது. மண்டபத் திரை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

அப்போது அவன் கைபேசி அடித்தது. எதிர்க் கோயில் செயலாளர் லோ. மேளச் சத்தத்தில் ஒன்றும் விளங்காததால் ஸ்பீக்கரில் போட்டான்.

“தம்பி, எங்க இருந்தாலும் ஓடி வாப்பா! எங்க பெட்டி கொஞ்ச நேரம் முந்தி தானாக் கீச்சுன்னு கத்துச்சு. இப்பப் பலகையில ஒரு பேரையும் காணோம். ஊரே கூடி நிக்குது, மானம் போகுது!”

யென்-ஷுன் கணினியின் மூலையைப் பார்த்தான். போன வருஷம் பழகிய பாசத்தில் அது எதிர்க் கோயில் வைஃபையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நேரமும் அவன் கட்டி மேய்த்தது அடுத்தவர் பெட்டியை. புது மண்டபத் திரைக்குக் கொடுத்த அதே நம்பர்தான் அந்தப் பலகைக்கும். பலகைக்குப் போகிற பேர்களை எல்லாம், அங்கே இல்லவே இல்லாத ஒரு வாசலுக்கு அனுப்பியிருந்தான்.

“அத்தை, மன்னிச்சிடுங்க. பெட்டி மாறிப்போச்சு. நம்ம பெட்டின்னு நினைச்சு அவங்க பெட்டியில எழுதிட்டேன். இதோ, இப்பவே மாத்திடுறேன்.”

ஆ-துவான் வாசல் வரைக்கும் நடந்துபோய், இருண்டு கிடந்த அந்த மாடி உயரப் பலகையை மேலிருந்து கீழ்வரை ஆசை தீரப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, அவன் கணினியை மெல்ல மூடி வைத்துவிட்டுப் பணியாரத் தட்டை எடுத்து நீட்டினார்.

“அம்மா ஏன் சிரிச்சான்னு இப்பல்ல புரியுது! மெதுவா மாத்தலாம், முதல்ல சாப்பிடுங்க மாப்பிள்ளை!”