இரண்டாவது படம்

மருத்துவமனையிலிருந்து போன் வந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. போன வாரம் எடுத்த மேமோகிராமில் இடது மார்பில் ஒரு சின்னக் கட்டி தெரிகிறதாம். இன்னொரு படம் எடுக்க வேண்டும், அக்காவை உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள்.

போன வாரம் தங்கைதான் துணைக்கு வந்தாள். இந்த முறை அக்காவின் கணவரும் வந்திருந்தார். மனைவியின் கையை அவர் விடவே இல்லை. அடுத்த நாற்காலியில் தங்கை கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன வாயாடி, நீயே ஊமையாயிட்டா உங்க அக்காவுக்கு யாரு தைரியம் சொல்றது?" என்றார்.

தங்கை முறுக்கிய வாரைப் பிரித்து மறுபடியும் முறுக்கினாள்.

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். அக்கா எழுந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அந்த மெஷின் அழுத்தறப்போ ரொம்ப வலிக்குமா?"

"அதுக்குள்ள மறந்துட்டீங்களாம்மா?" நர்ஸ் சிரித்தபடி அவளை உள்ளே அழைத்துப் போனாள்.

கதவு மூடியது. கணவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார்.

கடைசியில் டாக்டரே வெளியே வந்தார். "எனக்கே ஆச்சரியமா இருக்கு சார். படம் சுத்தமா இருக்கு. கட்டி எதுவும் இல்ல."

"அப்பாடா! போன உசிரு திரும்பி வந்துச்சு!" கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டருக்குப் பின்னால் வந்த அக்கா சிரிக்கவில்லை. நேராகப் போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"நல்ல சேதிதானே சொன்னாரு, ஏன் அழற?"

தங்கைதான் வாய் திறந்தாள்.

"அக்காவுக்கு அந்த மெஷினைக் கண்டா பயம், அத்தான். போன வாரம் அவ பேரைச் சொல்லிட்டு உள்ள போனது நான்."