கழுகு இறங்கும் பனை

அணில் மாங்கொட்டையைப் பற்றி ஆராய்ச்சி செய்துவந்தது. அதன் நெறியாளர் ஒரு கழுகு. ஐந்து வருஷமாக அணில் அதிகம் பார்த்தது, தரையில் ஓடிய கழுகின் நிழலைத்தான்.

ஆய்வேட்டை அலுவலகத்தில் கொடுத்தபோது, அங்கே இருந்த ஆமை பக்கங்களைப் புரட்டிப் பார்த்தது. "கைடு கையெழுத்து இல்லையேம்மா. இன்னிக்குத்தான் கடைசி நாள்."

அணில் பதறவில்லை. வாலைத் தூக்கிக் காற்றைப் பார்த்தது.

"மேல்காத்து அடிக்குது. வெயிலும் ஏறிடுச்சு. இப்போ அந்த மொட்டைப் பனைக்குத்தான் வருவார். கூட வாங்க சார். நீங்க நடந்து சேரவும் அவர் இறங்கவும் சரியா இருக்கும்."

அப்படியே நடந்தது. பனை உச்சியில் உட்கார்ந்த கழுகு கீழே குனிந்து பார்த்தது. "நீ யாரும்மா?"

"உங்க மாணவிதான் ஐயா. அஞ்சு வருஷமா."

ஆமை வாயைப் பிளந்தது. "முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. ஐயா இறங்குற இடத்தை முன்கூட்டியே சொன்ன ஆளை இன்னிக்குத்தான் பாக்கிறேன்!"

கழுகு நெஞ்சை நிமிர்த்தியது. "என் மாணவியாச்சே! பார்த்துப் பார்த்து வளர்த்தேன்."

அணில் சிரித்துக்கொண்டது. பறப்பதற்கு முன் கழுகு ஒருமுறை கழுத்தைச் சொறிந்துகொள்ளும். உலகத்தில் அது அணிலுக்கு மட்டும்தான் தெரியும்.

கழுகு சொறியத் தொடங்கியபோது, ஆய்வேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வால் நிமிர, அணில் பாதிப் பனை ஏறியிருந்தது.