பறிமுதல்

“ஒரு மாடுகூட உள்ளே வரக் கூடாது” என்று மேட்டுப் புல்வெளியின் கேட்டைப் பூட்டினார் வனக் காவலர்.

கீழே ஆறு கரையை உடைத்திருந்தது. மேலே அரசாங்கப் புல்வெளி. நடுவில், கொட்டுகிற மழையில் நாற்பத்தொரு மாடுகளும் அவற்றின் சொந்தக்காரர்களும்.

காவலருக்கு ‘சட்டம்’ என்று பட்டப்பெயர். சொந்த மச்சானின் ஆட்டையே பிடித்துக் கட்டிய புண்ணியவான்.

“அண்ணே, என் மாடு நிறைமாசச் சினை. இதை விட்டா எனக்கு வேற பொழைப்பு இல்ல. தண்ணி வடிஞ்சதும் ஓட்டிட்டுப் போயிடறேன்” என்றாள் பால்காரம்மா.

“அனுமதிக் கடிதம் இருக்கா?”

“கடிதம் குடுக்கிற ஆபீஸே தண்ணிக்குள்ள கிடக்கு. மீன்கிட்டயா கையெழுத்து வாங்குறது?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. போன புயல்ல கேட்டைத் திறந்துவிட்டவனுக்கு வேலை போச்சு. நானும் பிள்ளைகுட்டிக்காரன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “கிழக்குப் பக்கம் வேலி அறுந்து கிடக்கு. அந்த வழியா யாராவது ஓட்டினீங்கன்னா மொத்தத்தையும் பறிமுதல் பண்ணிடுவேன். சொல்லிட்டேன்.”

பால்காரம்மா சேலையை இழுத்துச் செருகினாள்.

“பண்ணிக்கோ. செத்த மாட்டுக்குப் பறிமுதல் ஆன மாடு மேல்.”

கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

சட்டம் சொன்னதைச் செய்தார். நாற்பத்தொன்றையும் மடக்கி, உச்சியில் இருந்த கொட்டகையில் கட்டி, கொம்பு, நிறம் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். சினை மாட்டின்மேல் மட்டும் தன் மழைக்கோட்டைப் போட்டார். “இனி இது அரசாங்கப் பொருள். நனையக் கூடாது” என்றார்.

“நீ நல்லா இருப்பியா?” என்றாள் பால்காரம்மா. அந்த மழையில் மண்ணை வாரித் தூற்ற வழியில்லை. வாயால்தான் தூற்றினாள்.

மறுநாள் மதியம் மழை விட்டது. படகில் வந்து இறங்கினார் மேலதிகாரியான ரேஞ்சர். புல்வெளி முழுக்க மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பால்காரம்மாவின் மாடு, புதுக் கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

“யாரைக் கேட்டுய்யா மேய விட்டே?”

“நான் விடலை சார். எல்லாம் பறிமுதல் மாடு. பறிமுதல் பண்ணினா தீனி, தண்ணி, வைத்தியம் எல்லாம் நம்ம பொறுப்பு. காவலர் மேற்பார்வையில மேய்க்கலாம்னு விதி இருக்கு.”

நேற்றுத் திட்டியதை எல்லாம் எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று பால்காரம்மாவுக்குத் தெரியவில்லை.

ரேஞ்சர் கிழக்கு வேலிக்குப் போனார். கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். வெட்டுப்பட்ட நுனிகள் பளபளத்தன.

“இது எப்படி அறுந்துச்சு?”

“மழையில சார்.”

காவலரின் கால்சட்டைப் பையில் கட்டிங் பிளேயர் துருத்திக்கொண்டிருந்தது. ரேஞ்சர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி. அந்த மழைகிட்ட சொல்லி இன்னும் நாலு கம்பி அறுக்கச் சொல்லு. அக்கரையிலேருந்து அறுபது எருமை வருது. இந்தச் சந்து பத்தாது.”