மஞ்சள் பொட்டு

பனி உருகும் முன்பே பூத்துவிடும் வெள்ளைப் பனித்துளிப்பூக்களில், மஞ்சள் பொட்டு வைத்தது ஊரிலேயே ஒன்றுதான். அதனால் தோட்டக்காரர் அதைத் தொட்டியில் நட்டு, கம்பிக்கூண்டு போட்டு வைத்திருந்தார்.

"என்னை மாதிரி இன்னொண்ணு கிடையாது, தெரியுமா?" என்றது பூ.

"அப்போ யார்கூடப் பேசுவே?" என்று கேட்டது தொட்டியில் ஏறி வந்த ஓர் எறும்பு.

விதை முற்றியதும் பூவே எறும்பைக் கூப்பிட்டது.

"இதோட நுனியில இனிப்பு இருக்கு, அதை நீ தின்னுக்கோ. விதையை மட்டும் வெளியே போட்டுடு."

"இது முளைச்சா உன் மவுசு போயிடுமே."

"போனாப் போகட்டும்."

சில பனிக்காலங்கள் கழிந்தன. ஒருநாள் வேலியோரம், பனியைத் தள்ளிக்கொண்டு இன்னொரு மஞ்சள் பொட்டு எட்டிப் பார்த்தது.

"போச்சு, இனி உன்னை யார் மதிப்பா?" என்றது எறும்பு.

கூண்டுக் கம்பியில் சாய்ந்தபடி பூ சொன்னது, "மெதுவாப் பேசு. குழந்தை இப்பதான் கண் முழிச்சிருக்கு."