பேதி உப்பில் எவ்வளவு தண்ணீர்?

"சரியான விடைக்கு முட்டை மார்க்கா? அக்கிரமமா இல்ல?"

புனேயின் கோந்த்வா பகுதியில் ஒரு ஜூனியர் காலேஜ். கெமிஸ்ட்ரி லேபுக்குள் நுழைந்த வேகத்திலேயே ஜம்புநாதன் மகனின் நோட்டை மேஜை மேல் வீசினார். மகன் கௌஷிக் வாசலோரம் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

எஸ்தர் டீச்சர் மூலையில் இருந்த கூலரில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து வைத்தார். "உக்காருங்க சார். முதல்ல தண்ணி குடிங்க."

"வெளித் தண்ணி நான் குடிக்கிறதில்ல." ஜம்புநாதன் பையிலிருந்து சொந்த பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். "பேதி உப்பைச் சூடாக்கி, அதுல எத்தனை சதவீதம் தண்ணி இருக்குன்னு எழுதணும். அம்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கான். புஸ்தகத்துலயும் அதேதான் இருக்கு. சுஷ்மான்னு ஒரு பொண்ணு முப்பத்தெட்டுன்னு தப்பா எழுதியிருக்கு. அதுக்கு முழு மார்க்! நானும் லேப்ல இருக்கிறவன் மேடம், என்கிட்ட கதை விடாதீங்க!"

நியாயமான கோபம். யாருக்குத்தான் வராது?

டீச்சர் உப்பு பாட்டிலை எடுத்துக் காட்டினார். "மூடி உடைஞ்சிருக்கு, பாருங்க. புனே வெயில்ல உப்புல இருந்த தண்ணி ஏகத்துக்கும் பறந்திருக்கு. பரீட்சை முடிஞ்சப்புறம்தான் நானே கவனிச்சேன். நிஜமா சூடாக்கி எடை போட்ட எல்லாருக்கும் முப்பத்தெட்டு கிட்டத்தான் வந்திருக்கு. உங்க பையனுக்கு மட்டும் எப்படி சார் அம்பத்தொண்ணு வந்துச்சு?"

ஜம்புநாதன் மகன் பக்கம் பாய்ந்தார். "அடுப்பையே பத்த வைக்காம எழுதினியா? இந்த ஃபிராடுத்தனத்தை எவன்டா உனக்குச் சொல்லிக்கொடுத்தான்?"

கௌஷிக்கின் கண் கலங்கிவிட்டது. "நீங்கதான்ப்பா... உங்க லேப் ஆள்கிட்ட ஃபோன்ல சொன்னீங்களே. தண்ணி சாம்பிளை எதுக்கு டெஸ்ட் பண்ணிட்டு இருக்கணும், வர வேண்டிய நம்பர் தெரியும்ல, போட்டு அனுப்பிடலாம்னு."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். கூலருக்கு மேலே பரிசோதனை ரிப்போர்ட் ஒட்டியிருந்தது. 'குடிக்க உகந்தது.' கீழே கையெழுத்து: ஜம்புநாதன்.

அறுநூறு பிள்ளைகள் தினமும் குடிக்கிற தண்ணீர்.

டீச்சர் டம்ளரை எடுத்து ஜம்புநாதன் கையிலேயே கொடுத்தார்.

"மார்க்கை அப்புறம் பேசலாம் சார். முதல்ல இதைக் குடிங்க."