ஏழாம் கட்டம்

“அந்தத் துக்கக் கருப்ப எப்பதான் கழட்டப்போற, லெட்டி? புருஷன் போய் ரெண்டு வருஷமாச்சு. இன்னும் காக்கா மாதிரி சுத்திட்டு இருக்க.”

ஹெஸ்கத் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி சன்னலுக்குத் திரும்பினார்.

அக்கா மகள் லெட்டிஸ் தேநீரை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

நாளை அவர் மான்செஸ்டரில் பேச வேண்டும். ஓவிய விமர்சகரான அவர் எழுதிய ஒரு வரியால் தூரிகையைத் தூக்கி எறிந்த ஓவியர்கள் உண்டு. இந்த முறை பேச்சு ஓவியம் பற்றி அல்ல, ஆலைப் புகை பற்றி. முன்வரிசையில் முதலாளிகள் இருப்பார்கள். கிழவன் எங்கே தடுக்கி விழுவான் என்று காத்திருப்பார்கள்.

புகை வருமுன் வானம் இருந்த நிறத்துக்கு அவரிடம் உள்ள ஒரே சாட்சி ஓர் அட்டை. வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை கட்டங்கள். இளவயதில் இதே சன்னலில் நின்று, ஏரிக்கு மேலிருந்த வானத்தைப் பார்த்துப் பார்த்துத் தீட்டியது. இத்தனை காலம் பெட்டியில் பூட்டிக் கிடந்தது.

அதை வானத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள்.

இரவு மழை பெய்திருந்தது. அவள் கண்ணுக்கு ஏழாம் கட்டத்தின் நீலம் வானத்தோடு கரைந்து, விளிம்பே தெரியவில்லை.

“பாத்தியா? இங்க வரைக்கும் புகை வந்திருச்சு. பொட்டு நீலம் இல்ல.”

அட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

“பெட்டிக்குள்ளயும் பூந்திருக்கு சனியன். அட்டையே கருத்துப்போச்சு.”

இப்போது சொல்லிவிடலாம் என்று லெட்டிஸ் நினைத்தாள். புகை இல்லை, மங்கியது உங்கள் கண் என்று.

சொன்னால் மேடை ஏறமாட்டார். அவரை விட்டால் பேச ஆளில்லை. அவள் கணவன் ராலண்டின் நெஞ்சைத் தின்ற ஆலைப் புகை பொய்யில்லை. கடைசி மாதம் அவன் துப்பியதெல்லாம் கருப்பு.

“நீயே சொல்லு. கருப்பா, இல்லையா?”

“கருப்புதான், மாமா.”

அவர் அட்டையை மேசையில் போட்டார்.

“இனி இது உதவாது. நீ வா. மேடையில என் பக்கத்துல உக்காரு. உன் துணிய அவனுங்க பாக்கட்டும். அப்புறம் கழட்டிக்க.”

லெட்டிஸ் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

இன்று காலைதான் முதன்முதலாக உடுத்திய கவுனின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஏழாம் கட்டத்தின் நிறம். கடையில் இந்த ஏரி வானத்தின் நீலத்தைத் தேடித்தான் வாங்கினாள்.

மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். அங்கிருந்த கருப்பு உடையை எடுத்து உதறினாள்.